பீலிக்கரையில் தொடங்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீர்வள உத்தியோகத்தராகப் பண்டாரவளைக்கு வருகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தேன். முதல் வேலையாக ஒரு தோட்டத்துப் பீலிக்கரைக்கு, ஊற்று நீர் வந்து விழும் இடத்துக்குப் போ. ஒரு வாளி நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள். பீலி எந்த மாதம் மெலியும், எந்த வருஷம் நின்றுபோனது என்று குடத்தோடு நிற்கும் பெண்களிடம் கேள். அந்தக் கணக்கு எந்தக் கோப்பிலும் கிடைக்காது.

இப்படி வற்புறுத்துவதற்குக் காரணம் உமா ஓயா. மகாவலியில் சேரும் அந்த ஆற்றை மலைக்கு அடியில் சுரங்கம் வழியே திருப்பி, 120 மெகாவாட் மின்சாரம் எடுத்து, வெல்லவாய பக்கத்து வறண்ட வயல்களுக்கு நீர் கொடுப்பது திட்டம். நோக்கத்தில் குறையில்லை. ஆனால் 2014 டிசம்பரிலும் மறுபடி 2017இலும் நீர் நிறைந்த பாறை வெடிப்புகளைச் சுரங்கம் அறுத்தது. கிணறுகள் வற்றின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் பிளந்தன. 2017 ஜூனில் பண்டாரவளை மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஏப்ரலில் திட்டம் திறக்கப்பட்டது.

நம் மலை கடும்பாறை. உக்கிய மேல்மண்ணிலும் பாறை வெடிப்புகளிலும்தான் நீர் தங்குகிறது. மழையில் ஊறியது மாதங்கள் கழித்து ஊற்றாகக் கசிந்து ஓடையாகிறது. கோடையில் ஓடையில் ஓடுவது பெரும்பாலும் நிலத்தடி நீரே. மேட்டில் குழாய்க்கிணறு தோண்டினால் பள்ளத்துப் பீலி வற்றக்கூடும். ஆற்றுக்கு ஒரு கணக்கு, கிணற்றுக்கு ஒரு கணக்கு என்று பிரித்து எழுதாதே.

வடகீழ்ப் பருவமழையில் ஓடை பெருகும்போது ஓடை நீரைக் கொடு, குழாய்க்கிணறுகளை ஓயவிடு. ஊவாத் தேயிலைக்கு மணம் சேர்க்கும் ஜூலை, ஆகஸ்ட் வறண்ட காற்று ஓடையை மெலியவைக்கும். அப்போது கிணற்று நீரை அளந்து எடு. ஊற்றுக்கு மேலுள்ள காட்டில் கைவைக்க விடாதே. கான்களில் ஓடும் மழைநீரைக் குழிகளில் நிறுத்தி மண்ணுக்குள் இறக்கு.

சுரங்கமோ குழாய்க்கிணறோ வருவதற்கு முன், சுற்றியுள்ள கிணறுகளை ஒரு வருஷமாவது அளந்து வை. “என் கிணறு வற்றிவிட்டது” என்று ஒரு தாய் வந்து நின்றால், “முன்பு எவ்வளவு இருந்தது?” என்று அவளிடம்தான் கேட்பார்கள். அவளுக்காகச் சொல்லும் விடை உன் கொப்பியில் இருக்கட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்