பனி உருகியதும் ட்ரவுட்: அல்கொன்குயின் கனூப் பயணத்துக்குப் பயனுள்ள குறிப்புகள்

ஒன்ராறியோவின் அல்கொன்குயின் பூங்கா 1893இல் உருவானது. ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர் காடு, அதற்குள் 2,400க்கும் மேற்பட்ட ஏரிகள். தெற்கு ஓரமாக 60ஆம் நெடுஞ்சாலை 56 கிலோமீட்டர் ஓடுகிறது. அதை விட்டு இறங்கி உள்ளே போக வேண்டுமானால் கனூவும் கால்களும்தான் வாகனம். ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம் என்பதால் கோடையில் நம் குடும்பங்கள் பல அங்கே கூடாரம் போடுகின்றன. வசந்தத்தில் உள்ளேரிகளுக்குப் போய் ட்ரவுட் பிடிப்பது வேறு சங்கதி. அதற்குத் திட்டமிடுவோருக்கு இந்தக் குறிப்புகள்.

1. நாளை நீங்கள் குறிக்காதீர்கள், ஏரி குறிக்கட்டும். அல்கொன்குயினில் ட்ரவுட் பருவம் ஏப்ரல் நான்காம் சனிக்கிழமை தொடங்கி செப்டம்பர் 30 வரை. ஆனால் அந்தச் சனிக்கிழமையன்று ஏரி இன்னும் உறைந்தே கிடக்கலாம். பல ஆண்டுகளில் ஏப்ரல் கடைசியிலோ மே முதல் வாரத்திலோதான் ஐஸ் முழுதாகப் போகிறது. வேலையிடத்தில் விடுப்புக் கேட்கும்போது அடுத்தடுத்த இரண்டு வார இறுதிகளைக் கேட்டு வையுங்கள். முதலாவது பொய்த்தால் இரண்டாவது இருக்கும்.

2. மறுமுனையில் காத்திருப்பது பிளாக் ஃப்ளை என்கிற கறுப்பு ஈ. ஓடும் நீரில் வளர்ந்து, மே நடுவில் கிளம்பி, ஜூன் பிற்பகுதி வரை ஆளை விடாது. பகலில்தான் கடிக்கும். காதின் பின்புறம், நெற்றி மயிரோரம், காற்சட்டை நுனி என்று தேடிப் போய்க் கடிக்கும். ஐஸ் போவதற்கும் ஈ வருவதற்கும் இடையே கிடைப்பது இரண்டு வாரம், நல்ல ஆண்டென்றால் மூன்று. விக்டோரியா தின நீண்ட விடுமுறைக்குப் போகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். கூட்டமும் ஈயும் ஒன்றாக வருகிற நாட்கள் அவை. என்னைக் கேட்டால் அதற்கு முந்திய வாரம்தான் உத்தமம்.

3. ஈ வந்துவிட்ட பிறகுதான் போக முடியும் என்றால் வெளிர் நிற உடை அணியுங்கள். கருநீலமும் கறுப்பும் அவற்றை அழைக்கும். தலையை மூடும் வலைச் சட்டை ஒன்று வாங்குங்கள். காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள்.

4. ஏன் இவ்வளவு அவசரம் என்றால், மீன் அப்போதுதான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. ஐஸ் போன கையோடு ஏரி மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய 4 பாகையில் ஒரே குளிராக இருக்கும். லேக் ட்ரவுட்டுக்கு 10 பாகை அளவான நீரே பிடிக்கும். ஆகவே இந்த நாட்களில் ஆழத்துக்குப் போக வேண்டிய தேவை அதற்கு இல்லை. கரையோரப் பாறை முனைகளிலும் ஓடை வந்து கலக்கும் வாய்களிலும் சிறு மீன்களைத் துரத்திக்கொண்டு திரியும். ஜூனில் மேல்நீர் சூடேறியதும் ஆழத்துக்கு இறங்கிவிடும். பிறகு கனூவில் இருந்துகொண்டு சாதாரணத் தூண்டிலால் அதை எட்டுவது கடினம். புரூக் ட்ரவுட்டும் வசந்தத்தில் கரையை ஒட்டியே கிடக்கும். வடக்குக் கரையில் வெயில் நேராக விழும் ஆழமற்ற குடாக்கள் முதலில் சூடேறுவதால் பிற்பகலில் அங்கே பாருங்கள். விடியற்காலை எழும்பித்தான் தூண்டில் போட வேண்டும் என்ற கோடைகாலச் சட்டம் மே மாதத்துக்குப் பொருந்தாது.

5. தடத்தைக் குறுக்கி வையுங்கள். வரைபடத்தைப் பார்த்தால் நாளொன்றுக்கு ஆறு ஏரி தாண்டலாம் போலத் தோன்றும். வசந்தத்தில் போர்ட்டேஜ் பாதைகளில், அதாவது ஓர் ஏரிக்கும் இன்னொன்றுக்கும் இடையே கனூவைத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கும் பாதைகளில், மாரியில் விழுந்த மரங்கள் இன்னும் வெட்டப்படாமல் கிடக்கும். சேறும் இருக்கும். நிழல் இடங்களில் பனியும் இருக்கும். முதல் பயணத்துக்கு ஸ்மோக் ஏரியில் இறங்கி, சுமார் 240 மீட்டர் போர்ட்டேஜ் தாண்டி ராகெட் ஏரியில் முகாம் போடுவது போதுமானது. அதற்கு அப்பால் பிக் போர்க்குப்பைன் ஏரிக்கு ஏறும் பாதைக்குப் 'பிசாசின் படிக்கட்டு' என்று பெயர். பெயர் வைத்தவர் மிகைப்படுத்தவில்லை.

6. போர்ட்டேஜ் தூரத்தைக் கணக்கிடும்போது மூன்றால் பெருக்குங்கள். கனூவை ஒருமுறையும் பொதிகளை ஒருமுறையும் கொண்டுபோனால் 600 மீட்டர் பாதை 1.8 கிலோமீட்டராகிவிடும். இதைத் தவிர்க்க விரும்பினால் வீட்டிலேயே பொதியைக் குறையுங்கள்.

7. கனூவை வாடகைக்கு எடுங்கள், கெவ்லார் கனூவாகக் கேளுங்கள். இருவர் செல்லும் கெவ்லார் கனூ 20 கிலோ அளவில் இருக்கும். பிளாஸ்டிக் வகை 30 கிலோவைத் தாண்டும். வாடகையில் உள்ள வித்தியாசத்தை உங்கள் தோள்கள் முதல் போர்ட்டேஜிலேயே நியாயப்படுத்திவிடும். கெவ்லார் பாறையில் உராய்ந்தால் காயப்படும் என்பதால் கரையேறும்போது முழங்கால் அளவு நீரில் இறங்கித் தூக்குங்கள். அதற்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும்.

8. உள்ளேரி முகாம்களுக்கு முன்பதிவு கட்டாயம். வருகிற நாளுக்கு ஐந்து மாதம் முன்பிருந்தே ஒன்ராறியோ பூங்காக்களின் தளத்தில் பதியலாம். எந்த இரவு எந்த ஏரி என்று பதிய வேண்டும், குறிப்பிட்ட முகாமிடத்தை அல்ல. அந்த ஏரியில் காலியாக உள்ள எதிலும் தங்கலாம். ஓர் இடத்தில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. மச்சான், மாமா, பெரியப்பா குடும்பம் என்று பதினைந்து பேர் திரளும் பழக்கம் இங்கே எடுபடாது.

9. மீன்பிடி அனுமதி: 18 முதல் 64 வயதுவரையான ஒன்ராறியோவாசிகளுக்கு அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி அனுமதிச் சீட்டும் வேண்டும். 'ஸ்போர்ட்', 'கன்சர்வேஷன்' என்று சீட்டில் இரண்டு வகை உண்டு. இரண்டாவது மலிவு, ஆனால் வைத்துக்கொள்ளக்கூடிய மீன்களின் எண்ணிக்கையும் குறைவு. குடும்பமாக ஓரிரு மீன் சுட்டுச் சாப்பிடப் போகிறவர்களுக்கு அதுவே தாராளம். 65ஐத் தாண்டிய கனடாவாசிகளுக்கு அடையாள அட்டை போதும். ஊரிலிருந்து வந்து நிற்கும் மாமாவுக்கு 70 வயதானாலும் அந்தச் சலுகை கிடையாது. அவருக்கு வெளிநாட்டவருக்கான சீட்டு எடுக்க வேண்டும்.

10. உயிருள்ள சிறுமீனை இரையாகக் கொண்டுபோவது பூங்காவுக்குள் தடை. வாளியிலிருந்து தப்பும் ஒரு கெண்டைக் குஞ்சோ பேர்ச் குஞ்சோ ஓர் ஏரியின் புரூக் ட்ரவுட் அனைத்துக்கும் எமனாகலாம், ஏனெனில் மற்ற மீன்களோடு போட்டியிட்டு வாழும் திறன் புரூக் ட்ரவுட்டுக்குக் குறைவு. சில ஏரிகளில் செயற்கை இரை மட்டுமே போடலாம். ஆண்டுதோறும் வெளியாகும் ஒன்ராறியோ மீன்பிடி விதிகளின் சுருக்கத்தில் நீங்கள் போகும் ஏரியின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அல்கொன்குயின் 15ஆம் மண்டலத்தில் வருகிறது.

11. இரைப்பெட்டி சிறிதாக இருக்கட்டும். 6 இறாத்தல் தங்கூசி, 4 முதல் 7 கிராம் வரையான வெள்ளி அல்லது செம்பு நிறத் தகட்டு ஸ்பூன்கள், சில ஸ்பின்னர்கள். அனுமதியுள்ள ஏரியில் மண்புழுவும். கரையிலிருந்து பத்துப் பதினைந்து மீட்டர் விலகி, ஸ்பூனைப் பின்னால் விட்டு இழுத்தபடி இருவரும் மெதுவாகத் துடுப்பு வலித்தாலே வசந்த ட்ரவுட் பாதி கைக்கு வந்த மாதிரி. வேகம் கூடினால் ஸ்பூன் ஆடாமல் சுழலும், மீன் திரும்பியும் பாராது.

12. கொக்கியின் முள்ளைக் குறடால் நசுக்கி மடக்கிவிடுங்கள். விடப்போகும் மீனைத் தொடுமுன் கையை நனையுங்கள். அத்தாங்கால் ஏந்தி, நீருக்குள் வைத்தபடியே கழற்றிவிடுங்கள்.

13. எது எந்த மீன் என்று தெரியாமல் கூடையில் போடாதீர்கள், எண்ணிக்கை வரம்பு இனத்துக்கு இனம் மாறும். புரூக் ட்ரவுட்டின் முதுகில் புழு நெளிந்தாற்போலக் கோடுகள் இருக்கும், கீழ்ச் செட்டைகளின் ஓரம் பளிச்சென்று வெள்ளை, வால் ஏறக்குறைய நேராக வெட்டினாற்போல. லேக் ட்ரவுட்டின் வால் ஆழமாகப் பிளந்திருக்கும், உடலெங்கும் வெளிர் புள்ளிகள். இரண்டையும் கலந்து வளர்த்து விடும் ஸ்பிளேக் என்ற இனமும் சில ஏரிகளில் உண்டு. அதன் வால் இரண்டுக்கும் இடைப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுவரும் துண்டங்களில் தோலை உரிக்காமல் விடுங்கள், வழியில் அதிகாரி கேட்டால் இனம் தெரிய வேண்டும்.

14. இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். வசந்தத்தில் ஆளைக் கொல்வது கரடியல்ல, தண்ணீர். நாள் 20 பாகை வெயிலாக இருக்கும், சட்டையைக் கழற்றத் தோன்றும், கையை விட்டால் தண்ணீர் 5 பாகை. குளிர்நீரில் விழுந்தவருக்கு நேர்வதை மனிடோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட் '1-10-1' என்று சொல்லித் தருகிறார். முதல் 1 நிமிடம் மூச்சு முட்டித் திணறும், அதை அடக்க வேண்டும். அடுத்த 10 நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். அதன்பின் நினைவு தப்ப ஏறத்தாழ 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட் அணிந்திராதவர் பெரும்பாலும் அந்த முதல் இரு கட்டங்களைத் தாண்டுவதில்லை, குளிரில் விறைத்துப் போகும் முன்பே மூழ்கிவிடுகிறார். ஆகவே ஜாக்கெட்டைச் சாய்வு மெத்தையாக வைக்காதீர்கள். அணிந்து, கொளுவிப் பூட்டிவிட்டே கனூவில் ஏறுங்கள். நீந்தத் தெரியும் என்ற பேச்சு இங்கே உதவாது. கவிழ்ந்தால் கனூவை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

15. ஏரியின் நடுவால் குறுக்கே போகாதீர்கள், கரையை ஒட்டியே போங்கள். காற்று மதியத்தில் எழும் என்பதால் பெரிய நீர்ப்பரப்புகளைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள். பூங்காவின் மிகப் பெரிய ஏரியான ஒபியோங்கோவில் அலை எழும்பினால் கரையிலேயே கிடந்து காத்திருப்பதுதான் வழி. அங்கே வாடகைப் படகுச் சேவை உண்டு, கனூவையும் ஏற்றிச் செல்வார்கள். அந்தப் பணத்தைக் கஞ்சத்தனம் பாராமல் கொடுங்கள்.

ஓவியர் டொம் தொம்சன் இங்கே மீன்பிடி வழிகாட்டியாகவும் இருந்தவர், இந்த ஏரிகளை நன்கறிந்தவர். 1917 ஜூலையில் கனூ ஏரியில் அவர் உடல் கிடைத்தது. எப்படி இறந்தார் என்று இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

16. சட்டப்படி கனூவில் இருக்க வேண்டியவை: ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, நீர் இறைக்கும் பாத்திரம், விசில். இருட்டில் போவதானால் விளக்கு.

17. பருத்தி உடை வேண்டாம், ஜீன்ஸ் கூடவே கூடாது. நனைந்த பருத்தி காயாது, உடற்சூட்டை உறிஞ்சும். கம்பளி, பொலியெஸ்ரர் கொண்டுபோங்கள். முழுதாக ஒரு மாற்றுடையை நீர்புகாப் பையில் கட்டி, வேறெதற்கும் தொடாமல் வையுங்கள். மே முதல் வாரத்தில் இரவு பூச்சியத்துக்குக் கீழே போவது சாதாரணம், உறங்குபையும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும்.

18. உறங்குபைக்குள் உங்களோடு படுக்க வேண்டியவை இரண்டு. தண்ணீர் வடிகட்டி உறைந்தால் உள்ளே உள்ள நுண்குழாய்கள் வெடித்துப் பயனற்றுப் போகும், வெளியே பார்த்தால் தெரியவே தெரியாது. அடுப்பு காஸ் சிலிண்டர் குளிரில் அழுத்தம் இழந்து காலையில் தேத்தண்ணீர் கொதிக்க மறுக்கும்.

19. உள்ளேரிப் பகுதிகளில் ரின்களுக்கும் கண்ணாடிப் போத்தல்களுக்கும் தடை. நம்மவர் எந்தப் பயணத்துக்கும் முதலில் எடுத்து வைக்கும் ரின்மீன் இங்கே வராது. பியர் ரின்னும் வராது. வறுத்த மா, இடித்த சம்பல், கருவாட்டுத் தூள், பருப்பு எல்லாவற்றையும் நெகிழிப் பைகளில் கட்டுங்கள். புட்டுக்கு நீராவி போதும், பாத்திரம் ஒன்று போதும். மீன் கிடைக்காது என்ற கணக்கிலேயே உணவு எடுத்துச் செல்லுங்கள்.

20. கிடைத்தால்: ட்ரவுட்டுக்குச் செதில் மிகப் பொடி, சுரண்டத் தேவையில்லை. குடலை எடுத்து, உப்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், தேசிக்காய் பூசி, பத்து நிமிடம் வைத்துப் பொரியுங்கள். இதற்கு மேல் மசாலா போட்டால் மீனின் சுவை போய்விடும். பெரிய லேக் ட்ரவுட்டைவிடச் சிறியது நல்லது, பெரியவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எவ்வளவு உண்ணலாம் என்பதை ஒன்ராறியோ அரசின் மீன் உணவு வழிகாட்டி ஏரிவாரியாகச் சொல்கிறது.

21. சாப்பாட்டுப் பொதியை நிலத்திலிருந்து 4 மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து 2 மீட்டர் தள்ளிக் கட்டித் தொங்கவிடுங்கள். பற்பசையும் சவர்க்காரமும் அதற்குள்ளேயே. பொரித்த எண்ணெய் மணக்கும் சட்டையோடு கூடாரத்துக்குள் போகாதீர்கள்.

22. 60ஆம் நெடுஞ்சாலையில் அந்தி வேளையில் வேகத்தைக் குறையுங்கள். மாரியில் தெருவில் கொட்டிய உப்பு ஓரக் கானில் தேங்கியிருக்கும், அதைக் குடிக்க மே மாதத்தில் மூஸ்கள் தெருவோரம் வந்து நிற்கும்.

23. உள்ளே தொலைபேசி வேலை செய்யாது. செய்மதி வழியாகத் தகவல் அனுப்பும் கருவியை வாடகைக்கேனும் எடுங்கள். அது இருந்தாலும், எந்த ஏரி, எந்த இரவு, எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதற்குப் பின் எவ்வளவு நேரம் பார்த்துவிட்டுப் பொலிசுக்குச் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பியதும் வழியிலுள்ள ஹன்ட்ஸ்வில் ஊரின் தேநீர்க் கடையில் நிறுத்துவதற்கு முன் அவருக்கு ஒரு அழைப்பு எடுத்துவிடுங்கள்.