எதிரியும் தொலைபேசிக் குறிப்பும்

கோவலன் கள்வனல்லன் என்று காட்டிய மாணிக்கப் பரல், அவனைக் கொல்வித்த அரசன் வசமிருந்த சிலம்பினுள்ளேயே கிடந்தது. குற்றஞ் சாட்டப்பட்டானுக்கு உதவவல்ல சான்று பிறர் கையிலிருத்தல் இன்றும் உண்டு. தொலைபேசி அழைப்புக் குறிப்பு அத்தகையதொன்று. எவர் எவரை எப்பொழுது அழைத்தனர், எத்துணை நேரம் பேசினர், எக்கோபுரத்தின் வழியாகப் பேசினர் என்பனவற்றை அது கூறும். பேசிய மொழியைக் கூறாது.

போலீசார் இக்குறிப்பைக் கம்பெனியிடம் தாமே கேட்டுப் பெறுவர். எதிரியோ (நீதிமன்றத்தார் வழங்கும் இச்சொல் சற்றே கடுமையுடைத்து) மன்றத்தில் மனுச் செய்தல் வேண்டும். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91-ஆம் பிரிவு இதற்கு வழி செய்தது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டத்தின் 94-ஆம் பிரிவு அவ்விடத்தில் நிற்கின்றது. 2014-இல் போதைப்பொருள் வழக்கொன்றில், தன்னைப் பிடித்த அதிகாரிகளின் தொலைபேசிகள் அவ்வேளை எங்கிருந்தன என்று காட்டும் குறிப்பை எதிரி வேண்டினான். உச்சநீதிமன்றம் இசைந்தது, துப்புக் கொடுத்தோர் வெளிப்படாவண்ணம் பிற எண்களை மையிட்டு மறைக்கவும் பணித்தது. இரு திறத்தாரையும் நோக்கிய தீர்ப்பு அஃது எனலாம்.

நிற்க. பெரிய இடையூறு காலமே. எதிரி ஆவணங் கோருதற்குரிய சமயம் பொதுவாகத் தன் தரப்புச் சான்றை நிறுவும் நிலையே என 2004-இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. கம்பெனிகளோ குறிப்புகளை இரண்டாண்டுகள் காத்தால் போதும்; 2021 டிசம்பருக்கு முன்னர் ஓராண்டே. விசாரணை அந்நிலையை எய்துமுன் குறிப்பு அழிந்தொழியலாமன்றோ? இதனையுணர்ந்து, புலனாய்வில் கைப்பற்றப்பட்ட காலத்துக் குறிப்புகளைத் தனியே பாதுகாக்குமாறு 2020-இல் அம்மன்றம் கம்பெனிகளுக்குக் கட்டளையிட்டது. ஆயினும் போலீசார் கேளாதுவிட்ட குறிப்புக்கு அக்காவல் எட்டாது. ஆதலின், குறிப்பைத் தரும்படியன்றேனும், அழியாது வைக்கும்படியாவது தொடக்கத்திலேயே மனுச் செய்தல் வழக்கறிஞர் கடன் என்பது என் கருத்து. ஏழை எதிரிக்கு இதனை எடுத்துரைப்பார் யாவர்?

கிடைத்த குறிப்பும் முற்றும் பேசுவதன்று. கோபுரம் தொலைபேசி இருந்த வட்டாரத்தைக் காட்டுமேயன்றி, அதனை ஏந்திய கை எவருடையதென்று காட்டாது. நாட்டுப்புறத்தில் அவ்வட்டாரம் பல ஊர்களைத் தழுவுதலுங் கூடும். மேலும், அச்சிட்ட தாளுடன் சாட்சியச் சட்டம் வேண்டும் சர்டிபிகேட்டும் வருதல் வேண்டும். கம்பெனியார் அதனைக் கொடாது மறுப்பின், வரவழைக்குமாறு நீதிபதியை வேண்டிக்கொள்ளலாம்.