கிடங்கில் கணக்கு திறக்கவில்லையா?

கடை சர்வரில் உள்ள இருப்பும் பற்று வரவும் கிடங்கிலிருந்து பார்க்க முடியவில்லை என்று வணிக அன்பர்கள் பலரும் கூறுகிறார்கள். ஆளை அழைக்குமுன் நாமே வரிசையாகச் சோதிக்கலாம்.

1. சர்வரிலேயே கணக்கைத் திறந்து பார்ப்போம். திறக்காவிட்டால் கோளாறு சர்வரிலேயே இருக்கிறது.

2. அங்கு திறந்தால், கடையின் வேறொரு கம்ப்யூட்டரில் பார்ப்போம். திறக்காவிட்டால் சர்வரின் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். போர்ட் எண் வழக்கமாக மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433.

3. கிடங்கில் மட்டும் திறக்காவிட்டால், கடையின் இன்டர்நெட் ஐபி முகவரி மாறியிருக்கலாம். மாறாத முகவரியைக் கட்டணம் செலுத்திப் பெறலாம்.

அவசரத்தில் ரவுட்டரில் அந்தப் போர்ட்டை எல்லோருக்கும் திறந்துவிடக் கூடாது. அது கல்லாவைத் தெருவில் வைப்பதற்குச் சமம். 2017 ஜனவரியில், பாஸ்வேர்ட் இல்லாமல் இன்டர்நெட்டில் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி டேட்டாபேஸ்களை அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். பற்று வரவு அழிந்தால் பாக்கியை யாரிடம் வசூலிப்போம்?

ஆகவே விபிஎன் வழியாக மட்டுமே இணைப்போம். ஆளுக்கொரு பாஸ்வேர்ட் கொடுப்போம். கடை சாத்துமுன் தினமும் பேக்கப் எடுத்து, அதைத் தனியே கழற்றி வைப்போம்.