ஆர்.வி. கூரையில் டிஷ்: கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: நானும் மனைவியும் டெக்சாஸில், டாலஸ் அருகே வசிக்கிறோம். ஓய்வு பெற்றதும் ஓர் ஆர்.வி. (தங்கும் வசதியுள்ள பயண வண்டி) வாங்கினோம். குளிர்காலம் நான்கு மாதம் அரிசோனாவில் ஓர் ஆர்.வி. பார்க்கில் தங்குவோம். நடுவே கலிபோர்னியாவில் மகள் வீட்டுக்கும் போய் வருவோம். வீட்டு சாட்டிலைட் டிவி பெட்டியையே வண்டிக்கு எடுத்துச் செல்கிறேன். டிஷ்ஷை மூன்றுகால் ஸ்டாண்டில், வண்டிக்குப் பக்கத்தில் தரையில் வைப்பேன். அரிசோனா போனதும் டாலஸ் உள்ளூர் சேனல்கள் நின்றுவிடுகின்றன. “ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் சேனல்கள் வரும், வீட்டிலும் பார்க்கலாம்” என்கிறார் பக்கத்து வண்டிக்காரர். போடலாமா? தரையில் டிஷ் வைத்தால் அபராதம் என்கிறார் பார்க் மேனேஜர். அவருக்கு அந்த அதிகாரம் உண்டா? வண்டி ஓடும்போது மனைவி முன்பக்க டிவியில் தமிழ் சீரியல் பார்ப்பது தவறா?
– வாசகர், டெக்சாஸ்

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் டிஷ் தரையில் நிற்கிறது. அந்தப் படிவமோ, டிஷ் வண்டியோடு நிரந்தரமாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று உங்களை எழுதித் தரச் சொல்கிறது.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் போன்ற நெட்வொர்க்குகளின் உள்ளூர் நிலையங்களை அந்தந்த ஊர்ச் சந்தைக்குள்தான் சாட்டிலைட் நிறுவனம் காட்டலாம். செயற்கைக்கோளும் அந்தச் சேனல்களைக் குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும் குறிவைத்தே அனுப்புகிறது. அதனால்தான் டாலஸ் செய்தி அரிசோனாவுக்குத் தொடர்ந்து வரவில்லை. உங்கள் டிஷ்ஷில் பழுதில்லை.

வெளியூர் நெட்வொர்க் நிலையங்களைக் காட்ட, பதிப்புரிமைச் சட்டத்தின் 119-ஆம் பிரிவு சிலருக்கு மட்டும் வழிவிடுகிறது. முன்பு அந்தப் பட்டியல் நீளமாக இருந்தது. 2019 டிசம்பரில் காங்கிரஸ் அதைச் சுருக்கி, ஆர்.வி.க்களையும் வணிக லாரிகளையும், ஏதாவது ஒரு நெட்வொர்க்குக்கு உள்ளூர் நிலையமே இல்லாத சில சந்தைகளையும் மட்டும் விட்டுவைத்தது. ஆக, ஆர்.வி.காரர்களுக்கு இது சலுகைதான். ஆனால் காகிதம் கேட்கும் சலுகை.

வண்டியின் நடப்புப் பதிவுச் சான்றின் நகலோடு கையெழுத்திட்ட உறுதிமொழி ஒன்றும் தர வேண்டும். டிஷ் வண்டியோடு நிரந்தரமாக இணைந்திருக்கிறது என்பது அதில் ஒரு பாதி. நிலையான எந்தக் குடியிருப்பிலும் அதை வைத்துப் பார்க்க மாட்டேன் என்பது மறுபாதி. நிறுவனம் அவற்றை அந்த நெட்வொர்க்குக்கு அனுப்பி 10 நாள் கழிந்த பிறகே தகுதி தொடங்கும். 2 ஆண்டுக்கு மேல் சேவை நீடித்தால், நெட்வொர்க் கேட்கும்போது புதுப்பித்த காகிதம் தர வேண்டும். ஆர்.வி. என்றால் எது என்பதற்கும் வரையறை உண்டு: ஒரே சேஸிஸ், 400 சதுர அடிக்கு மிகாத பரப்பு, நிரந்தரக் குடியிருப்பாக அல்லாமல் பயணத்துக்கும் முகாமுக்குமான கட்டமைப்பு. மொபைல் ஹோம் இதில் சேராது.

‘வீட்டிலும் பார்க்கலாம்’ என்று பக்கத்து வண்டிக்காரர் சொன்னது அந்த உறுதிமொழிக்கு நேர் எதிரானது. வண்டி உங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது உள்ளே உட்கார்ந்து பாருங்கள், குற்றமில்லை. வண்டியிலிருந்து ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வயர் இழுத்தால் உறுதிமொழி உடைந்தது. மகள் வீட்டிலும் இதே கதைதான். பொய்ச் சந்தாதாரர் விஷயத்தில் 119-ஆம் பிரிவு முதலில் பிடிப்பது நிறுவனத்தை. அப்படி ஒரு சந்தாதாரருக்காக நிறுவனத்தின் மீது மாதத்துக்கு 250 டாலர் வரை நஷ்டஈடு விதிக்கலாம்; தெரிந்த உடனே இணைப்பை நிறுத்திவிட்டால் அதுவும் கிடையாது. எனவே சந்தேகம் வந்தால் அவர்கள் உங்களோடு வாதாடிக்கொண்டிருக்க மாட்டார்கள், துண்டித்துவிடுவார்கள். வீட்டுக்கும் வண்டிக்கும் ஒரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டிக்குத் தனிப் பெட்டி, தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தரை டிஷ்ஷே போதும் என்றால் இன்னொரு நேர்வழி உண்டு. நிறுவனத்துக்குப் போன் செய்து, இந்த நான்கு மாதத்துக்குச் சேவை முகவரியை அரிசோனாவுக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த ஊர் உள்ளூர் சேனல்கள் வரும். செலவே வேண்டாம் என்றால் சாதாரண ஆன்டெனா போதும், அந்த ஊர் நிலையங்கள் காற்றிலேயே இலவசமாகக் கிடைக்கும். தமிழ்ச் சேனல்களுக்கு உள்ளூர் சந்தை என்ற தகராறே கிடையாது. அது நீங்களும் நிறுவனமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

இனி மேனேஜர். எஃப்.சி.சி. எனப்படும் தகவல் தொடர்பு ஆணையம் 1996-இல் கொண்டுவந்த விதி, 1 மீட்டருக்கு மிகாத டிஷ்ஷை நியாயமின்றித் தடுக்கும் கட்டுப்பாடுகளைச் செல்லாதவை ஆக்குகிறது. 1999 முதல் வாடகைதாரருக்கும் அது பொருந்தும். ஆனால் அந்த இடம் உங்கள் தனி உபயோகத்தில் இருக்க வேண்டும், அதில் உங்களுக்குக் குத்தகை உரிமையும் இருக்க வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட பார்க் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். குறிப்பிட்ட எண்ணுள்ள இடம் நான்கு மாதத்துக்கு உங்களுக்கே வாடகைக்கு விடப்பட்டது என்று அதில் இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது. ‘தங்க அனுமதி மட்டும், நிர்வாகம் எப்போது வேண்டுமானாலும் இடம் மாற்றலாம்’ என்று இருந்தால் மேனேஜர் பக்கம் சாயும். ஓரிரவு தங்குபவர் இந்த விதியை நம்பிச் சண்டைக்குப் போக வேண்டாம். பொதுவழியிலோ பக்கத்து இடத்திலோ டிஷ் வைக்க யாருக்குமே உரிமை இல்லை. சிக்னலை மறைக்கிறது என்பதற்காகப் பார்க்கின் மரத்தை வெட்டச் சொல்லவும் முடியாது.

நியாயமான பாதுகாப்புக் காரணத்துக்காக, உதாரணமாக வயர் நடைபாதையைக் கடக்கிறது என்று தடுத்தால், அது செல்லும். மற்றபடி தடை சரியானது என்று நிரூபிக்கும் பொறுப்பு பார்க்கினுடையது. ஆணையத்தில் மனு நிலுவையில் இருக்கும்வரை, பாதுகாப்பு போன்ற காரணங்கள் தவிர, அபராதம் ஏறாது. தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தாலும் இணங்க 21 நாளாவது தர வேண்டும். நான்கு மாத வாசத்துக்கு இத்தனை மனுத்தாக்கல் தேவையா என்று கேட்டால், தேவையில்லை என்பேன். டிஷ்ஷைக் கூரையில் நிரந்தரமாகப் பொருத்துங்கள். தரையில் வைக்காதே என்ற மேனேஜரின் விதி அதைத் தொடாது. படிவத்திலும் உண்மையாகக் கையெழுத்திடலாம். மரநிழல் இல்லாத இடமாகப் பார்த்து எடுங்கள், அவ்வளவுதான்.

கடைசிக் கேள்விக்குப் பதில் உங்களுக்குப் பிடிக்காது. மகள் வீட்டுக்குப் போகும்போது உங்களுக்குப் பொருந்தும் கலிபோர்னியா வாகனச் சட்டத்தின் 27602-ஆம் பிரிவுப்படி, ஓட்டுநர் இருக்கையின் முதுகுக்கு முன்னால் உள்ள டிவியோ, ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும் டிவியோ படம் காட்டிக்கொண்டிருக்க வண்டி ஓட்டக் கூடாது. வழிகாட்டும் வரைபடம், பின்பக்கக் கேமரா போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பார்ப்பது மனைவிதான், நான் பார்க்கவில்லை என்பது இங்கே எடுபடாது. பின்னால் போய்ப் பார்க்கட்டும் என்றும் விட்டுவிடாதீர்கள், ஓடும் வண்டியில் அவர் சீட் பெல்ட்டோடு இருக்க வேண்டும். வண்டியை எடுக்கும் முன் முன்பக்க டிவியை அணைத்துவிடுங்கள். சீரியலைப் பதிவு செய்து இரவில் பார்த்துக்கொள்ளலாம்.