காய்ச்சல் விட்டும் இளைப்பு விடவில்லையா? மார்கழியில் கவனிக்க வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டுக்கு ஒருவராவது காய்ச்சலில் படுத்து எழுந்திருப்பார்கள். இரண்டு மூன்று நாள் காய்ச்சல், தொண்டைக் கரகரப்பு, கொஞ்சம் இருமல். யாரும் பரிசோதனைக்குப் போகவில்லை. அது கோவிட்டாகவும் இருந்திருக்கலாம், ஃப்ளூவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு மாதம் கழித்தும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, குளித்துவிட்டு வந்தாலே படுக்கத் தோன்றுகிறது என்றால், பொங்கல் வேலையைத் தொடங்குமுன் இதைப் படியுங்கள்.

லேசான காய்ச்சலுக்கா இத்தனை அசதி என்று வீட்டில் கேட்பார்கள். ஆம், லேசாக வந்து போனதற்குப் பிறகும் இது வரும். உலக சுகாதார நிறுவனம் 2021 அக்டோபரில் கோவிட்டுக்குப் பிந்தைய நிலைக்கு வரையறை வகுத்தபோது, பரிசோதனையில் உறுதியானவர்களோடு, தொற்று வந்திருக்கக்கூடும் என்று கருதத்தக்கவர்களையும் சேர்த்தே வகுத்தது. ஆகவே கையில் ரிப்போர்ட் இல்லையே என்று தயங்க வேண்டாம். இப்போது போய் ஆன்டிபாடி டெஸ்ட்டுக்குப் பணம் கட்டவும் வேண்டாம். தடுப்பூசியும் பழைய தொற்றும் அநேகமாக எல்லோர் உடம்பிலும் தடம் விட்டிருப்பதால், அதைப் பார்த்து ஒன்றும் தீர்மானிக்க முடியாது.

முதலில் அவசரமானது. திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம், உதடு நீலம் பாய்வது, ஒரு கால் மட்டும் கெண்டைச்சதையில் வீங்கி வலிப்பது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். நுரையீரலில் ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம், இதயத்தில் கோளாறு இருக்கலாம்.

அப்படி எதுவும் இல்லை, ஆனால் இளைப்பு நாலு வாரமாகியும் குறையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். எல்லாவற்றையும் கோவிட் தலையில் கட்டிவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. படியேறினால் மூச்சு வாங்க அது ஒன்றே போதும். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே ஆகியவற்றைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டியிருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் இல்லை என்று தெரிந்துகொள்வது முக்கியம். மெடிக்கலில் வாங்கும் 'ரெண்டு வேளை செட்' மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் இரண்டு நாள் தெம்பு வந்தது போலிருக்கும், சர்க்கரை ஏறிவிடும், உள்ளே இருக்கிற நோயும் மறைந்து நிற்கும்.

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் இருந்தால் எடுங்கள். நகப்பூச்சோ மருதாணியோ இல்லாத விரல், கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, ஒரு நிமிடம் அசையாமல் பாருங்கள். உட்கார்ந்திருக்கும்போதே 94-க்குக் கீழே காட்டினால் அன்றே மருத்துவமனை. வீட்டுக்குள் சற்று நடந்துவிட்டு வந்ததும் 3 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். எண் நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறவர்கள் நிறைய உண்டு. அவர்கள் நடிக்கவில்லை.

பரிசோதனையெல்லாம் சரியாக இருக்கிறது, அசதி மட்டும் போகவில்லை என்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: தம் கட்டி வேலை செய்யாதீர்கள். இந்த அசதி உடனே முகத்தைக் காட்டாது. ஒரு நாள் உடம்பு லேசாக இருக்கும். விட்டுப்போன துணியெல்லாம் அன்றே துவைத்து, பரண் ஏறிப் பாத்திரத்தை இறக்கி, கடைக்கும் போய் வருவோம். அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ அடித்துப் போட்டது போல் படுக்க வைத்துவிடும். நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணத்தை வேறெங்கோ தேடுவோம். இரண்டு வாரம் ஒரு நோட்டில் என்ன வேலை செய்தீர்கள், எப்போது சாய்ந்தீர்கள் என்று எழுதி வாருங்கள். எந்த அளவு வரை உடம்பு தாங்குகிறது என்று தெரிந்துவிடும். அந்த அளவுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். களைத்த பிறகு ஓய்வு எடுப்பதில் பாதிப் பலன்கூட இல்லை. 'நடந்தால் சரியாகிவிடும், தினம் கொஞ்சம் கூட்டு' என்ற அறிவுரை மற்றவர்களுக்கு நல்லது. வேலை செய்து மறுநாள் விழுகிறவர்களுக்கு அது ஆகாது.

ஆகவே பொங்கலுக்கு ஒட்டடை அடிப்பதையும் வெள்ளையடிப்பதையும் மற்றவர்கள் ஏற்க வேண்டும். காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாம் உட்கார்ந்தபடியே நடக்கட்டும். வாசலில் குனிந்து பெரிய கோலம் போட்டுவிட்டு நிமிரும்போது கண் இருட்டிப் படபடவென்று அடித்துக்கொண்டால், ஒரு முக்காலியில் உட்கார்ந்து சின்னக் கோலமாகப் போடுங்கள். எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி 30 துடிப்புக்கு மேல் கூடி, தொடர்ந்து அப்படியே இருந்தால், அதற்கும் தனியாக வைத்தியம் உண்டு, கேளுங்கள்.

மூச்சு வாங்கும்போது பேச்சை நிறுத்திவிட்டு, உட்கார்ந்து சற்று முன்னால் சாய்ந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றுங்கள். மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து, இழுத்ததைவிட அதிக நேரம் எடுத்து விடுங்கள். தோள் தளர்ந்திருக்கட்டும். ஆஸ்துமா இன்ஹேலர் வைத்திருப்பவர்கள் அதை நிறுத்தவே கூடாது. பனி கொட்டும் விடியலில் நடைப்பயிற்சி வேண்டாம், வெயில் வந்தபின் போகலாம். போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிகிற தெருவில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருங்கள்.

சபரிமலைக்கு மாலை போட்டவர்களுக்கு: பம்பையிலிருந்து சன்னிதானம் சுமார் 5 கிலோமீட்டர். நீலிமலையும் அப்பாச்சிமேடும் நல்ல உடம்பையே சோதிக்கிற ஏற்றம். சமதரையில் கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்குகிற நிலையில் ஏற வேண்டாம். குருசாமியிடம் சொல்லுங்கள், அடுத்த ஆண்டு போகலாம். டாக்டர் சம்மதித்துப் போகிறவர்கள், வழியிலுள்ள அவசர மருத்துவ மையங்களிலும் ஆக்சிஜன் பார்லர்களிலும் நின்று நின்று ஏறுங்கள், கூட்டத்தோடு ஓட வேண்டாம். தைப்பூசப் பாதயாத்திரைக்கும் இதே கணக்குத்தான். பழனிக்குப் பேருந்தில் போய், 693 படிகளை விட்டுவிட்டு விஞ்சிலோ ரோப்காரிலோ ஏறி முருகனைக் கும்பிடுங்கள்.