காலால் இயங்கும் குயவர் சக்கரம்: அமைப்பும் அனுபவமும்

கிராமத் தொழில்களுள் மிகத் தொன்மை வாய்ந்தவற்றுள் மட்பாண்டத் தொழிலும் ஒன்று. பொங்கற் பானையும் கார்த்திகை அகலும் கோடைக்கேற்ற கூசாவும் குயவரின் சக்கரத்தின்மீதே உருப்பெறத் தொடங்குகின்றன. ஆயினும், அச்சக்கரத்தைச் சுழற்றும் உழைப்பு எத்தகையது என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பழைய சக்கரம் தரையை ஒட்டி ஒரு முளையின்மேல் அமைந்தது. குயவர் குந்தி அமர்ந்து, விளிம்பை அடுத்த குழியில் கோலை ஊன்றி அதனைச் சுழற்றுகின்றார். பின்னர்க் கோலை வைத்துவிட்டு மண்ணைத் தொடுகின்றார். வேகம் குறைந்ததும் மண்ணைவிட்டு மீண்டும் கோலை எடுக்க வேண்டும். இவ்வாறு நாள் முழுவதும் குந்தியிருப்பதால் முழங்காலும் இடுப்பும் நாளடைவில் தளர்கின்றன. எமது வட்டாரத்திலுள்ள முதிய வேளார் ஒருவர், கைத்திறன் சிறிதும் குன்றாதிருந்தும், முழங்கால் மடங்காமையால் தொழிலையே விட்டுவிட எண்ணியிருந்தார். அவருக்காகவே நாம் காற்சக்கரத்தைப் பற்றி ஆராய முற்பட்டோம்.

அமைப்பு

காற்சக்கரத்தில் இரண்டு வட்டுகள் ஒரே இருசில் பொருந்தியிருக்கும். மேல் வட்டு, மண்ணை வைத்து வனைவதற்கு உரியது. 25 முதல் 30 செ.மீ. விட்டம் போதுமானது. கீழ் வட்டு, காலால் தள்ளுவதற்கு உரியது; வேகத்தைச் சேமித்து வைப்பதும் அதுவே. 80 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. கனமும் கொண்ட கான்கிரீட் வட்டு ஏறத்தாழ 60 கிலோ எடையிருக்கும். மரச் சட்டத்தில் சிமெண்டுக் கலவையை வார்த்து இதனை ஊரிலேயே செய்துகொள்ளலாம்.

இங்கே ஒரு நுட்பத்தை அறிதல் வேண்டும். எடையை இரு மடங்காக்கினால் சுழற்சியைத் தாங்கி நிற்கும் ஆற்றல் இரு மடங்கே ஆகும். எடையை மாற்றாமல் விட்டத்தை இரு மடங்காக்கினாலோ அது நான்கு மடங்காகும். ஆகவே கனம் நடுவில் இருப்பதைக் காட்டிலும் விளிம்பில் இருப்பதே சிறப்பு. பழைய சக்கரத்தின் விளிம்பில் களிமண்ணை அப்பிக் கனமாக்கிய நம் முன்னோர் இவ்வுண்மையை அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

இருசின் அடிமுனை, பாரத்தைத் தாங்கவல்ல பேரிங்கில் நிற்க வேண்டும். மற்றொரு பேரிங் மேல் வட்டிற்கு மிக அருகில் அமைதல் வேண்டும். தள்ளி அமைத்தால் வட்டு ஆடும், பாண்டமும் கோணும். சேற்று நீர் இறங்காதவாறு மேல் வட்டைச் சுற்றி ஒரு தட்டும், மேல் பேரிங்கிற்கு ஒரு மூடியும் அவசியம்.

வட்டு நேராக ஓடுகின்றதா என்று அறிய, ஒரு சுண்ணக்கட்டியை அசையாமல் பிடித்து, சுழலும் விளிம்பின் அருகே மெல்லக் கொண்டு செல்க. கோடு சுற்றிலும் ஒரே சீராக விழுந்தால் பழுதில்லை. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் இருசைச் சரிசெய்தல் வேண்டும்.

நாம் செய்த பிழை

இவ்வாறு ஒரு சக்கரத்தைச் செய்வித்து அம்முதியவர் இல்லத்தில் நிறுவினோம். மூன்று திங்கள் கழித்துச் சென்று பார்த்தபோது, அதன்மேல் வைக்கோற்கட்டு ஏறியிருந்தது. காரணம் கேட்டோம். “சக்கரத்தில் குறையில்லை ஐயா, என் கைக்கு எதிராகச் சுற்றுகிறது” என்றார் அவர்.

அவருடைய பழைய சக்கரம் கடிகார முள்ளின் திசையில், அதாவது வலஞ்சுழியாகச் சுற்றுவது. நாம் வலக்காலால் முன்னோக்கித் தள்ளும்படி அமைத்ததால் புதியது இடஞ்சுழியாகச் சுற்றிற்று. நாற்பது ஆண்டுகள் பழகிய விரல்கள் திடீரென்று திசை மாறுமா? மேலும், இருக்கையை ஒரே உயரத்தில் இறுக்கிவிட்டோம். அவருக்கும் கால் எட்டவில்லை. குள்ளமான அவர் மருமகளுக்கோ சிறிதும் எட்டவில்லை. சக்கரத்தை அளந்த நாம் அதில் அமர்பவரை அளக்கவில்லை.

பின்னர் அவரையே அருகில் இருத்தித் திருத்தங்கள் செய்தோம். கால் வைக்கும் கட்டையை இடப்புறம் மாற்றி, இடக்காலால் முன்னோக்கித் தள்ளச் செய்தோம், சுழற்சி வலஞ்சுழியாயிற்று. இருக்கைப் பலகைக்கு மூன்று படிகள் வெட்டினோம். செலவு மிகச் சிறிதே. இப்பொழுது முதியவர் காலையில் வனைகின்றார். பிற்பகலில், கோற்சக்கரத்தை ஒருநாளும் தொட்டறியாத மருமகள் அகல் விளக்குகள் வனைகின்றார். பெரிய பானைகளைப் பலகையால் தட்டி அடிமூடும் வேலை பண்டுபோலவே கையால் நடைபெறுகின்றது. அதற்குச் சக்கரம் ஈடாகாது.

மின்சக்கரம் இருக்கையில் இது எதற்கு?

2018-ஆம் ஆண்டு முதல் காதி கிராமத் தொழில் ஆணையம் மின்சக்கரங்களை வழங்கி வந்துள்ளது. 2023 செப்டம்பர் 17-இல் தொடங்கிய பி.எம். விசுவகர்மா திட்டத்திலும் குயவர்கள் இடம்பெற்று, கருவிகளுக்கு ரூ. 15,000 வரை உதவி பெற வழியுண்டு. மின்சக்கரத்தை ஏற்பவர் தாராளமாக ஏற்கட்டும். ஆனால் மின்சாரம் தடைப்படும் நேரத்திலும் காற்சக்கரம் நிற்பதில்லை. பழுதுற்றால் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் சீர்செய்வர்.

ஊராட்சித் தலைவர்களுக்கும் ஊர்நல அலுவலர்களுக்கும் நாம் கூற விரும்புவது இதுவே. எக்கருவியை வழங்குமுன்பும், அதனைக் கையாளப்போகிறவர் அருகில் ஒரு நாள் அமர்ந்து பாருங்கள். அவர் எப்பக்கம் சுழற்றுகின்றார், எவ்வளவு உயரத்தில் அமர்கின்றார், வீட்டில் வேறு எவர் அதில் வேலை செய்வார் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஒரு நாளை நாம் முதலிலேயே செலவிட்டிருந்தால், வைக்கோல் அச்சக்கரத்தின்மேல் ஏறியிராது.