புத்தகத்தைத் திறக்கவைக்கும் வினா

வினாத்தாள் வரையும் ஆசிரியர், தாம் எழுதிய வினாவுக்குப் புத்தகத்தைத் திறவாமலே விடை சொல்ல இயலுமாயின், அதனைத் தயங்காது அடித்துவிடலாம். சிலப்பதிகாரத்து வழக்குரை காதையில், 'கண்ணகியின் சிலம்பில் இருந்த பரல் யாது?' என்று கேட்டால், நோட்ஸை மனப்பாடம் செய்த மாணவன் 'மாணிக்கம்' என்றெழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுவான். அதற்குப் பதிலாக, 'பாண்டியன் தேவியின் சிலம்பில் உள்ளது முத்து என்று சொல்பவர் யார், அச்சொல் பாண்டியனுக்கே எவ்வாறு எதிர்சாட்சியம் ஆயிற்று, அவ்வடியைச் சுட்டுக' என்று வினவினால், அவன் கண்ணகிக்கும் பாண்டியனுக்கும் இடையிலான அந்த விவாதம் முழுவதையும் அடியடியாக மீண்டும் வாசித்தே தீரவேண்டும். 'கண்ணகியின் கோபம் நியாயமா?' என்னும் அபிப்பிராய வினா (பிள்ளைகளுக்கு அதன்மீதுதான் பிரியம்) பிறகு வரட்டும். புத்தகத்தைத் திறக்கவைக்கும் வினா ஒரு பீரியடுக்கு இரண்டு இருந்தாலே தாராளம்.